ராகி வாங்குவது முதல் களி கிண்டுவது வரை: தருமபுரிப் பக்கத்து வீட்டுக் குறிப்பு

களி கட்டிதட்டிப் போனாலும், வாயில் மணல் நறநறத்தாலும், உண்டபின் வயிறு கனத்துக் கிடந்தாலும், கிண்டியவரின் கைப்பழக்கத்தைக் குறை சொல்வதே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து வீடுகளின் வழக்கம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாலக்கோட்டுப் பக்கத்தில் குடித்தனம் நடத்தி, வாரத்தில் நான்கு நாளாவது களி கிண்டிவரும் எனக்கு அந்தக் குற்றச்சாட்டில் பாதிதான் நியாயம் என்று தோன்றுகிறது. மீதிப் பாதி, சந்தையில் ராகியை அளந்து வாங்கிய இடத்திலும், அதை அரித்துக் காயவைத்த வாசலிலும், மாவு மில் வரிசையில் நின்ற நேரத்திலும் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. ஆகவே இந்தக் குறிப்பில் களி கிண்டும் துடுப்பைக் கையில் எடுப்பதற்கு முந்தைய வேலைகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். புதிதாகக் குடித்தனம் தொடங்கியவர்களையும், ஓசூருக்கும் பெங்களூருவுக்கும் வேலைக்குச் சென்று பாக்கெட் மாவிலேயே பழகிவிட்டவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். நாள்தோறும் களி கிண்டுபவர்களுக்கு இதில் பாதி தெரிந்ததாகவே இருக்கும்.

புத்தகத்தில் கேழ்வரகு என்றும், தென்மாவட்டங்களில் கேப்பை என்றும் வழங்கும் தானியத்துக்கு எங்கள் பக்கத்தில் ராகி என்பதே பேச்சுப் பெயர். தெலுங்கு பேசும் வீடுகளில் அதன் களி சங்கட்டி ஆகிறது. கன்னடம் பேசும் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் முத்தே ஆகிறது. பெயர் மாறினாலும் செய்முறையில் பெரிய மாற்றம் கிடையாது.

எப்போது, எவ்வளவு வாங்குவது

மானாவாரி நிலத்தில் ஆடிப்பட்டத்தில் விதைத்த ராகி, கார்த்திகை, மார்கழியில் அறுவடைக்கு வரும். அறுத்தவுடன் வாங்குவதைவிடத் தை பிறந்து, தானியம் களத்திலும் வீட்டிலும் ஓரளவு உலர்ந்த பிறகு, மாசி மாதத்தில் வாங்குவது நல்லது. வாங்கிய ராகியைக் கழுவிக் காயவைக்க மாசி, பங்குனி வெயில் கைகொடுக்கும் என்பது ஒரு காரணம்; புது ராகியில் கிண்டிய களி சற்றுப் பிசுபிசுப்பாக வருகிறது என்பது என் அனுபவத்தில் கண்ட இன்னொரு காரணம்.

அளவைக் கணக்கிடுவது எளிது. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு வேளைக் களிக்குக் கால் கிலோ மாவு போதும். வாரத்துக்கு நான்கு வேளை என்றால் ஒரு கிலோ. ஆண்டுக்கு 52 கிலோ. கல், தூசி, சொத்தை என்று கழிவதையும் சேர்த்து 55 முதல் 60 கிலோ வாங்கினால் அடுத்த தை வரை கவலையில்லை. ராகியை மணியாக வைத்திருந்தால் எளிதில் பூச்சி பிடிக்காது. நன்றாக உலர்ந்த ராகி ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருப்பதால்தான் பஞ்ச காலத்துக்கென்று அதைக் குதிரில் சேமித்துவைத்தார்கள். அரிசியை மொத்தமாக வாங்கி வண்டுக்குப் பறிகொடுத்தவர்கள் அந்தப் பயத்தை ராகியின் மேல் ஏற்ற வேண்டியதில்லை.

விலையைப் பொறுத்தவரை ஓர் அளவுகோல் இருக்கிறது. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு ராகிக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். அதாவது கிலோ 49 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. இதைவிடக் கிலோவுக்குப் பத்து, பதினைந்து ரூபாய் குறைத்து ஒருவர் கூவி விற்றால், ஏன் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஈரமாக இருக்கலாம், மழையில் நனைந்து கருத்ததாக இருக்கலாம், மண் கலந்ததாக இருக்கலாம். தருமபுரி மாவட்டத்தில் 2023 முதல் நியாயவிலைக் கடையில் அரிசிக்குப் பதிலாக அட்டைக்கு இரண்டு கிலோ ராகி வழங்கும் ஏற்பாடும் உண்டு. கிடைத்தால் விடாமல் வாங்குங்கள். ஆனால் அதையும் கீழே சொல்லும் முறைப்படி சுத்தம் செய்தே அரைக்க வேண்டும்.

சந்தையில் பார்க்க வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்கும், செவ்வாய்க்கிழமை காரிமங்கலம் சந்தைக்கும் சுற்றுவட்டாரத்துச் சம்சாரிகள் (விவசாயிகள்) தங்கள் வீட்டுத் தானியத்தைக் கொண்டுவந்து விற்பது உண்டு. அவர்களிடம் வாங்கினால் எங்கே விளைந்தது, எப்படி அடித்தது என்று கேட்க முடியும். இதில் இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன். அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கத்து ஊர்ச் சாலைகளில் ராகிக் கதிரைப் பரப்பி, போகிற வருகிற வண்டிச் சக்கரங்களால் மிதிபடவைத்து அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கூலியும் நேரமும் மிச்சமாகும் என்பதால் சம்சாரியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் அப்படி அடித்த ராகியில் தார்ச்சாலையின் பொடிக்கற்கள், ராகி மணியின் அளவிலேயே, ராகியின் நிறத்துக்கு நெருக்கமாகவே கலந்துவிடும். அவற்றைக் கண்ணால் பொறுக்குவது நடக்காத காரியம்.

ஒரு முறை சந்தையில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்த வயதான பெண்மணி ஒருவரிடம், "ஆயா, இது ரோட்டுல அடிச்சதா, களத்துல அடிச்சதா?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரோட்டுலதான் கண்ணு. கல்லு இருக்கும், அரிச்சுக்கோ. ஆனா ஈரம் இல்ல, கைய விட்டுப் பாரு" என்றார். அவர் சொன்னது போலவே ஈரம் இல்லை, கல் இருந்தது. அந்த ஆண்டு முழுக்க அவர் ராகியைத்தான் உண்டோம்.

கையை விட்டுப் பார்ப்பது என்று அவர் சொன்னது வெறும் பேச்சு அன்று. சாக்கின் மேல்பரப்பில் இருப்பது வெயிலில் காய்ந்திருக்கும். முழங்கை வரை கையை நுழைத்து, அடியிலிருந்து ஒரு பிடி எடுக்க வேண்டும். உலர்ந்த ராகியில் கை வழுக்கிக்கொண்டு இறங்கும். ஈரமானதில் தடுக்கும், உள்ளே சில்லென்றும் இருக்கும். எடுத்த பிடியில் நாலைந்து மணியைப் பல்லிடையில் வைத்துக் கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் காயவில்லை என்று பொருள். அடுத்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை வந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம், ஏனென்றால் அந்த வாடை கழுவினாலும், வறுத்தாலும் போகாது. கடைசியாக உள்ளங்கையில் வைத்து இரு கையாலும் தேய்த்து ஊதினால் மெல்லிய உமி பறக்கும். கொஞ்சம் பறப்பது இயல்பு, கையில் பாதி உமியாக நின்றால் தூற்றாமல் கொண்டுவந்திருக்கிறார்கள். படியாலும் வள்ளத்தாலும் அளந்து விற்பவரிடம் உமியுள்ள ராகியை வாங்குவது நட்டம். அளவு நிறையும், எடை நிறையாது. கூச்சப்படாமல் பக்கத்துக் கடைத் தராசில் ஒரு படியை நிறுத்துப் பாருங்கள்.

நிறத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். இரகத்துக்கு ஏற்பச் செம்பழுப்பிலிருந்து கரும்பழுப்பு வரை மாறும். ஒரே பிடியில் கறுத்த மணிகளும் வெளிறிய மணிகளும் கலந்து கிடந்தால்தான் மழையில் நனைந்ததோ, இரண்டு ஆண்டுத் தானியத்தைக் கலந்ததோ என்று சந்தேகப்பட வேண்டும்.

அரித்தல்

ராகியைச் சுத்தம் செய்வதில் மூன்று வேலைகள் உள்ளன: புடைத்தல், அரித்தல், காயவைத்தல். புடைப்பதற்கு முறமும் பழகிய கையும் வேண்டும். இல்லாதவர்கள் மின்விசிறியின் முன் உயரத்திலிருந்து கொட்டித் தூற்றினாலும் உமி போய்விடும். காயவைப்பதைப் பின்னால் சொல்கிறேன். வாயில் மணல் கடிபடுமா, படாதா என்பதைத் தீர்மானிப்பது நடுவில் உள்ள அரித்தல்.

இரண்டு அகலமான பாத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இரண்டு கிலோவுக்கு மிகாமல் ராகியைக் கொட்டி, அது மூழ்கி மேலே நான்கு விரற்கடை நிற்கும்படி தண்ணீர் ஊற்றிக் கையால் கலக்கினால் உமி, சொத்தை, செத்தை எல்லாம் மிதந்து வரும். அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி தண்ணீர் ஊற்றி, இரண்டு கைகளாலும் மணிகளைப் பரபரவென்று தேய்த்துக் கழுவ வேண்டும். செம்மண் நிறத்தில் இறங்கும் தண்ணீர், மூன்றாவது அல்லது நான்காவது கழுவலில் ஓரளவு தெளியும். முழுக்கத் தெளியாது, ராகியின் தோல் நிறமும் கொஞ்சம் இறங்கும் என்பதால் கண்ணாடி போலத் தெளியும் வரை கழுவிக்கொண்டிருந்தால் தண்ணீர்தான் வீண்.

இனி அரிக்க வேண்டியது. நிறையத் தண்ணீர் ஊற்றி, பாத்திரத்தை இரு பக்கமும் பிடித்து வட்டமாகச் சுழற்றுங்கள். ராகி, கல் இரண்டுமே தண்ணீரில் மூழ்குபவைதான். ஆனால் கல் விரைவாக அடியில் போய் உட்காரும், ராகி சற்றுத் தாமதித்து இறங்கும். அந்தத் தாமதமான இரண்டு நொடியில் பாத்திரத்தைச் சாய்த்து, தண்ணீரோடு மிதந்து சுழலும் ராகியை மட்டும் அடுத்த பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே முறையில் ஊற்ற ஆசைப்படக் கூடாது. கொஞ்சம் ஊற்றி, மறுபடி தண்ணீர் சேர்த்துச் சுழற்றி, மறுபடி கொஞ்சம் ஊற்றி என்று ஏழெட்டு முறை செய்தால், கடைசியில் அடியில் ஒரு கைப்பிடி ராகியும் அதனடியில் வளையமாகக் கருங்கல் பொடியும் செம்மண் மணலும் தங்கும். அந்தக் கைப்பிடி ராகியைக் காப்பாற்றப் போராடாமல் கோழிக்குப் போட்டுவிடுங்கள். முதன்முதலில் நான் அரித்தபோது அந்தக் கைப்பிடியை விட மனமில்லாமல் மற்றதோடு சேர்த்துவிட்டேன். அடுத்த ஒரு மாதம் வீட்டில் ஒருவரும் என்னிடம் ஒன்றும் சொல்லாமல், மென்று பார்த்துவிட்டுத் தட்டை ஓரமாக வைத்தார்கள்.

இப்போது சில மில்களில் கல் நீக்கும் இயந்திரம் இருக்கிறது. மூட்டைக் கணக்கில் வாங்குபவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனாலும் ராகியோடு ஒத்த எடையுள்ள மண்ணுருண்டைகள் அதில் தப்பிவிடும். அவை தண்ணீரில்தான் கரையும். ஆகவே இயந்திரத்தில் விட்டாலும் ஒரு முறையாவது கழுவியே ஆக வேண்டும்.

கழுவிய ராகியைத் துணியில் வடித்து, மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியில் மெல்லியதாகப் பரப்பி, இரண்டு முழு வெயில் காயவிடுங்கள். கனமாகப் பரப்பினால் மேலே காய்ந்து அடியில் முளைகட்டத் தொடங்கிவிடும். நறுக்கென்று உடையும் பதம் வந்ததும் நிழலில் ஆறவைத்து, தகர டிரம்மில் கொட்டி, காய்ந்த வேப்பிலையையோ நொச்சி இலையையோ இடையிடையே போட்டு மூடிவைக்கலாம்.

மாவு மில்லில்

ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும், அதாவது நான்கு அல்லது ஐந்து கிலோவை மட்டும் அரையுங்கள். மணியாக இருக்கும்வரை கெடாத ராகி, மாவானவுடன் அதிலுள்ள சிறிதளவு கொழுப்பு காற்றுபட்டுச் சிக்குவாடை ஏறத் தொடங்குகிறது. கசக்கும் களிக்குப் பெரும்பாலும் பழைய மாவே காரணம்.

உங்களுக்கு முன்னால் இயந்திரத்தில் என்ன அரைத்தார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்பது அவசியம். காய்ந்த மிளகாய்க்குப் பிறகு என் ராகி உள்ளே போன ஒரு நாளில், மூன்று கிலோ மாவும் செந்நிறம் பூத்து, களியை வாயில் வைத்ததும் கண்ணில் நீர் வந்தது. அன்று முதல், "அண்ணா, முன்னாடி என்ன போட்டீங்க?" என்று கேட்காமல் கூடையைக் கொடுப்பதில்லை. மிளகாய், மல்லி, மஞ்சள் என்றால் காத்திருங்கள். அரிசியோ கம்போ என்றால் கவலையில்லை. எதுவானாலும் முதலில் விழும் இரண்டு கைப்பிடி மாவைத் தனியாகப் பிடிக்கச் சொல்லுங்கள்.

பதத்தையும் சொல்லி வாங்க வேண்டும். ரொட்டிக்கும் புட்டுக்கும் மாவு நைசாக இருக்கலாம். களிக்கு அரைப்பதை விரலில் தேய்த்தால் மிக மெல்லிய சொரசொரப்புத் தெரிய வேண்டும். பவுடர் போன்ற மாவு தண்ணீர் பட்டதும் விரைவாகக் கட்டிதட்டும். வீட்டுக்கு வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தச் சூடான மாவைத் துணியில் பரப்பி ஆறவைப்பது. மில்லிலிருந்து வந்த சூட்டோடு டப்பாவில் அடைத்தால், மூடியின் உட்புறம் வியர்த்து, நீர் சொட்டி, பத்து நாளில் மாவு முழுக்க முடிச்சு முடிச்சாகிவிடும். ஆறிய மாவைச் சலிக்கும்போது மேலே தங்கும் தவிட்டையெல்லாம் கொட்டிவிட வேண்டாம். ராகியின் சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் பெரும்பாலும் அந்தத் தோலில்தான் இருக்கின்றன. உமியும் தூசியும் மட்டும் போனால் போதும்.

தண்ணீர்

இதைப் பலர் நினைத்தும் பார்ப்பதில்லை. சோறு வடிக்கும்போது தண்ணீரில் ஒரு பகுதி கஞ்சியாக வெளியே போகிறது. களியில் ஊற்றிய தண்ணீரோ முழுக்கவும் மாவுக்குள்ளேயே தங்கிவிடுகிறது; ஐந்து டம்ளர் ஊற்றினால் ஆவியானது போக மீதி அனைத்தும் வயிற்றுக்குள் செல்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு அளவுக்கு மிஞ்சி இருப்பதும், பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை படிவதும், நாளடைவில் மூட்டும் எலும்பும் பாதிக்கப்படுவதும் நாம் அறிந்தவைதான். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டம் 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை புளோரைடு ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதி என்பது இந்தியத் தர நிர்ணய வரையறை.

குடிப்பதற்கு மட்டும் ஒகேனக்கல் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு, உலைக்குப் போர் தண்ணீரை ஊற்றும் வீடுகள் ஏராளம். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் புளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடவே செய்யும். ராகி கழுவுவதற்குப் போர் தண்ணீர் போதும். களிக்கும் கூழுக்கும் குழம்புக்கும் ஒகேனக்கல் தண்ணீரை ஒதுக்கிவையுங்கள். தண்ணீர் வராத நாளில் ஆர்ஓ தண்ணீரைப் பயன்படுத்தலாம்.

கிண்டுதல்

நான்கு பேருக்கு, 200 மில்லி டம்ளரால் அளந்து, மாவு இரண்டு டம்ளர், பச்சரிசி நொய் கால் டம்ளர், தண்ணீர் ஐந்து டம்ளர், கல்லுப்பு ஒரு தேக்கரண்டி. நொய் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அது குழைந்து களிக்கு ஒரு பிடிப்பைக் கொடுக்கிறது. வேண்டாம் என்பவர்கள் நொய்யை விட்டுவிட்டுத் தண்ணீரை நான்கு டம்ளராகக் குறைத்துக்கொள்ளலாம்.

அடி கனத்த குண்டானில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, கழுவிய நொய்யைப் போட்டு, விரலால் நசுக்கினால் மசியும் வரை வேகவிடுங்கள். உப்பைப் போட்டு அடுப்பைக் குறைத்து, மாவு முழுவதையும் நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். கொட்டியவுடன் கரண்டியை எடுத்துக் கலக்கிவிடக் கூடாது; புதியவர்கள் செய்யும் பெரும்பிழை இதுதான். கொதிநீர் பட்ட மாவின் வெளிப்புறம் உடனே வெந்து பசை போன்ற ஒரு தோலாகிவிடுகிறது. அந்த நேரத்தில் கிளறினால் ஒவ்வொரு துண்டையும் அந்தத் தோல் மூடிக்கொள்ள, உள்ளே உலர்ந்த மாவு அப்படியே அடைபட்டுவிடும். பிறகு எவ்வளவு கிண்டினாலும் அந்தக் கட்டி உடையாது. குவியலைக் கலைக்காமல் விட்டு, துடுப்பின் காம்பால் நடுவில் அடிவரை ஒரு துளை போட்டால், அதன் வழியே கொதிநீரும் ஆவியும் மேலேறி மாவை உள்ளிருந்து நனைக்கும். மூடிவைத்து, சிறு தீயில் ஏழெட்டு நிமிடம் விடுங்கள். துளையிலிருந்து சளப் சளப் என்று குமிழி வெடிக்கும் ஓசையும், பச்சை மாவு வாடை மாறி வறுத்த கடலையை நினைவூட்டும் ஒரு மணமும் வந்தால் கிண்டலாம்.

கிண்டும்போது குண்டான் சுழலாமல் பிடிப்பது பாதி வேலை. அந்தக் காலத்தில் கவைக்கோலால் குண்டானை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிண்டினார்கள். எரிவாயு அடுப்பின் மேல் அப்படி அழுத்தினால் அடுப்பே நகரும். ஆகவே குண்டானைத் தரையில் இறக்கி, ஈரச் சாக்கின் மேலோ பிரிமணையின் மேலோ அமர்த்தி, ஒருவர் துணியால் பிடித்துக்கொள்ள மற்றவர் கிண்டுவதே பாதுகாப்பு. துடுப்பை வட்டமாகச் சுற்றுவதைவிட, ஓரத்திலிருந்து நடுவுக்கு மாவை இழுத்து, குண்டானின் பக்கத்தோடு அழுத்தித் தேய்த்துத் திருப்புங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் நிறம் கருத்து, பளபளப்பு ஏறி, களி குண்டானின் பக்கங்களை விட்டுத் துடுப்போடு திரளும். பிறகு மறுபடி அடுப்பில் ஏற்றி, கைப்பிடித் தண்ணீர் தெளித்து மூடி, இரண்டு நிமிடம் சிறு தீயில் புழுங்கவிட்டு இன்னொரு முறை கிண்ட வேண்டும். இந்த இரண்டாம் கிண்டலைத் தவிர்க்கும் வீடுகளில்தான் களி உண்டபின் வயிறு கனக்கிறது என்ற புகார் வருகிறது. பதம் அறிய விரலைத் தண்ணீரில் நனைத்துக் களியைத் தொட்டுப் பாருங்கள், ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது. நனைத்த தட்டில் எடுத்துப் போட்டு, தண்ணீர் தொட்ட கையால் சூட்டோடு உருட்டினால் நான்கு அல்லது ஐந்து உருண்டை வரும்.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. இரண்டு தேக்கரண்டி மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் தண்ணீரில் முதலில் ஊற்றிக் கலந்துவிட்டால் அது மெல்லிய கூழாகி நிற்கும். அதன் மேல் மீதி மாவைக் கொட்டினால் கட்டிதட்டும் வாய்ப்புக் குறைகிறது. பெரியவர்கள் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

குழம்பைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ராகிக் காட்டில் ஊடுபயிராக விடும் அவரை, மார்கழியில் காய்க்கத் தொடங்கும்போது, பச்சைக்கொட்டைக் குழம்புக்கும் பிதுக்கிய பருப்புக் குழம்புக்கும் ஈடு வேறில்லை. மற்ற நாட்களில் கொள்ளுக் கடைசலோ கீரைக் கடைசலோ போதும். பருப்போ கீரையோ இல்லாமல் வெறும் மிளகாய்ச் சட்னியோடு களியை முடித்துக்கொள்வதை மட்டும் வழக்கமாக்க வேண்டாம். நூறு கிராம் ராகியில் புரதம் ஏழு கிராம் அளவுக்குத்தான் உள்ளது.

வீட்டில் யாருக்கு எப்படி

ராகியில் நூறு கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து உள்ளது; அரிசியோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு. ஆனால் மாவுச்சத்து 65 கிராமுக்கு மேல் இருப்பதையும் மறக்கக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர் சோற்றை விட்டுக் களிக்கு மாறினால் எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாம் என்ற எண்ணம் எங்கள் பக்கத்தில் பரவலாக உள்ளது. என் மாமனாரும் அப்படி நம்பி, இரண்டு உருண்டையை விழுங்கிவிட்டு மாலையில் சோர்ந்து உட்கார்ந்திருப்பார். ஒரு சிறு உருண்டை, அதைவிடக் கூடுதலாகக் கீரை, பருப்பு என்று மாற்றிய பிறகுதான் அவருடைய சர்க்கரை அளவு கட்டுக்குள் வந்தது. அதையே கூழாகக் கரைத்துக் குடித்தால் விரைவில் சர்க்கரை ஏறும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நாள்தோறும் ராகி உண்ண வேண்டாம்.

களியை மெல்லாமல் குழம்பில் தோய்த்து விழுங்குவதே வழக்கம். பக்கவாதம் வந்து விழுங்கும் ஆற்றல் குறைந்தவர்களுக்கும், சாப்பிடும்போது அடிக்கடி புரையேறும் முதியவர்களுக்கும் அப்படிக் கொடுப்பது ஆபத்து. அவர்களுக்கு எவ்வளவு கெட்டியாகக் கொடுக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டு, அந்தப் பதத்தில் கூழாகக் காய்ச்சி, நிமிர்ந்து உட்காரவைத்துத் தேக்கரண்டியால் கொடுங்கள்.

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு முளைகட்டிய ராகிமாவுக் கஞ்சி நல்லது. அரித்த ராகியை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத் துணியில் மூட்டை கட்டி ஒன்று அல்லது ஒன்றரை நாள் வைத்தால் வெண்ணிற முளை தலைகாட்டும். அதை நன்றாகக் காயவைத்து, தேய்த்து முளையை உதிர்த்து, மணம் வரும் வரை இளவறுப்பாக வறுத்து நைசாக அரையுங்கள். முளைக்கும்போது மாவுச்சத்து ஓரளவு உடைந்துவிடுவதால் இந்த மாவில் காய்ச்சும் கஞ்சி அதிகம் கெட்டிப்படாது. ஆகவே ஒரு சிறு கிண்ணத்திலேயே கூடுதல் மாவைச் சேர்த்துக் கொடுக்க முடியும். சர்க்கரையும் வெல்லமும் குழந்தைக்குத் தேவையில்லை. ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. பயணத்தின்போதும் இந்த மாவே உதவும். வெளியூரில் களி கிண்ட முடியாது. ஒரு டப்பா முளைமாவும் வெந்நீர்க் குடுவையும் இருந்தால் விடுதி அறையில் காய்ச்சும் மின்கெட்டிலில்கூடப் பெரியவர்களுக்குக் கஞ்சி ஆகிவிடும். குழந்தைக்கு மட்டும் அடுப்பில் வைத்து நன்றாகக் கொதிக்கவிட்டே கொடுக்க வேண்டும்.

மிஞ்சிய களி

இரவு மிஞ்சிய உருண்டையைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் கல்லாகிவிடும். மண்சட்டியில் போட்டு மூழ்கும் அளவுக்குக் குடிநீர் ஊற்றி மூடிவைத்தால், காலையில் லேசாகப் புளித்து மென்மையாக இருக்கும். கையால் கரைத்து, மோரும் உப்பும் சேர்த்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிக்கலாம். சித்திரை, வைகாசியில் எட்டு மணிக்குள் குடித்துவிடுங்கள். அதற்குமேல் வைத்தால் புளிப்பு மிஞ்சிவிடும். வயலுக்கோ வேலைக்கோ எடுத்துச் செல்வதென்றால் மோர் சேர்க்காமல் கெட்டியாகத் தூக்குவாளியில் கொண்டுபோய், அங்கே கரைத்துக்கொள்வது நல்லது.

குண்டானின் அடியில் பிடித்த காந்தலை உடனே சுரண்ட வேண்டாம். தண்ணீர் ஊற்றி ஓர் இரவு விட்டால் தாள் போல உரிந்து வரும். அந்தத் தண்ணீரைத் தொட்டித் துளையில் ஊற்றாமல் மாட்டுத் தாழியிலோ வாழையடியிலோ ஊற்றுங்கள். எங்கள் வீட்டுக் குழாய் களியால் அடைத்துக்கொண்டு, பிளம்பர் அதைக் கழற்றியபோது உள்ளே முழுசாக ஓர் உருண்டை இருந்தது.